அணிக்குப் பெயர் வைப்பதும் பாலஸ்தீனோ கிளப்பும்: எங்கள் குடும்பக் குழுவில்

பிரபு: ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எங்கள் கால்பந்து அணிக்குப் பெயர் வைக்கப் போகிறோம். ‘தமிழ்’ என்ற சொல் பெயரில் இருந்தே ஆக வேண்டும் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். அப்படி வைத்தால் நம் பிள்ளைகளைத் தவிர யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று மீதிப் பேர். நீங்கள் எல்லாரும் என்ன சொல்கிறீர்கள்?

கவிதா: வேண்டாம் பிரபு. பொதுவாக ஒரு பெயர் வை. விளையாட வரும் பிள்ளையை வாசலிலேயே யோசிக்க வைக்கக் கூடாது.

செல்வம் மாமா: மாப்பிள்ளை, முடிவெடுக்கும் முன் பாலஸ்தீனோ கிளப்பின் கதையைக் கேட்டுவிடு. சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவில் ஆடும் கிளப். பாலஸ்தீனத்திலிருந்து குடியேறியவர்கள் 1920 ஆகஸ்ட் 20 அன்று தொடங்கியது. சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்புதான் இன்றும் அவர்கள் நிறங்கள்.

பிரபு: பாலஸ்தீனத்திலிருந்து சிலிக்கா? அவ்வளவு தூரம் எதற்காகப் போனார்கள்?

செல்வம் மாமா: பெத்லகேம், பெய்த் ஜாலா, பெய்த் சாஹூர் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள்தான் அதிகம். அப்போது அங்கே துருக்கியர்களின் உஸ்மானியப் பேரரசின் ஆட்சி. பிழைப்பு தேடி ஒரு கூட்டம் கிளம்பியது, முதல் உலகப் போரில் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து இன்னொரு கூட்டம். கப்பலில் புவெனஸ் ஐரிஸ் வரை போய், அங்கிருந்து ஆண்டிஸ் மலையைக் கோவேறு கழுதையில் கடந்தவர்களும் உண்டு. கையில் இருந்தது உஸ்மானிய அரசு கொடுத்த ஆவணம். அதைப் பார்த்து சிலிக்காரர்கள் அவர்களைத் துருக்கியர் என்றே அழைத்தார்கள். ஏளனமாகத்தான். எந்த ஆட்சியிலிருந்து தப்பி வந்தார்களோ அந்த ஆட்சியின் பெயரையே அவர்கள் தலையில் கட்டினால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார்.

மீனா அத்தை: ஜவுளி வியாபாரம் செய்தவர்கள்தானே அவர்கள்? எங்கோ படித்த ஞாபகம்.

செல்வம் மாமா: ஆமாம் மீனா. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊசி, நூல், துணி என்று வீடு வீடாக விற்றுத்தான் ஆரம்பித்தார்கள். அப்புறம் கடை, அதற்கப்புறம் ஆலை. சாந்தியாகோவில் பத்ரோனாத்தோ என்று ஒரு வட்டாரம், அவர்களுடைய துணிக்கடைகளால் பேர் வாங்கியது. யாரூர் என்ற பெத்லகேம் குடும்பம் 1930களில் அதே நகரத்தில் பெரிய பஞ்சாலையே நடத்தியது. இன்று பாலஸ்தீன வம்சாவளியினர் சிலியில் சுமார் 5 லட்சம் பேர் என்கிறார்கள். மத்திய கிழக்குக்கு வெளியே இவ்வளவு பேர் வேறெங்கும் இல்லை.

கவிதா: சரி மாமா, ஆனால் அது பணக்காரர்கள் நடத்திய கிளப். நம்மிடம் பந்து வாங்கவே வசூல் செய்ய வேண்டியிருக்கிறது. அவர்கள் எந்தப் பெயர் வைத்தாலும் தாக்குப்பிடித்திருப்பார்கள்.

செல்வம் மாமா: பணம் உதவியது, மறுக்க மாட்டேன். 1952இல் தொழில்முறை இரண்டாம் பிரிவில் சேர்ந்தார்கள், அந்த வருடமே அதை வென்று முதல் பிரிவுக்கு ஏறினார்கள், 1955இல் நாட்டுக்கே சாம்பியன். அர்ஜென்டினாவிலிருந்து ரொபெர்த்தோ கோல் போன்ற ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துக் கூட்டி வந்தார்கள். ஆனால் கவிதா, அந்த அணியில் யார் ஆடினார்கள் என்று பார். பெயர் பாலஸ்தீனம், நிறம் பாலஸ்தீனம், மைதானத்தில் அர்ஜென்டினாக்காரர்களும் சிலிக்காரர்களும். நான் பிரபுவுக்குச் சொல்ல வந்ததே இதைத்தான். பெயரை விட்டுக்கொடுக்கவில்லை, கதவையும் சாத்தவில்லை.

பிரபு: பெரிய ஆட்டக்காரர்கள் யாராவது ஆடியிருக்கிறார்களா?

செல்வம் மாமா: எலியாஸ் ஃபிகேரோவா! 1974, 75, 76 என்று தொடர்ந்து மூன்று வருடம் தென் அமெரிக்காவின் சிறந்த வீரர். பிரேசிலின் இன்டர்நாசியோனல் என்ற கிளப்பை விட்டுவிட்டு 1977இல் இவர்களிடம் வந்தார். தடுப்பாட்டத்தில் அவரைப் போல் நிதானமான ஆள் அந்தக் கண்டத்தில் இல்லை என்பேன். தாக்குதல் வரிசையில் ஓஸ்கார் ஃபாபியானி, 1976 முதல் 1978 வரை மூன்று சீசனிலும் லீக்கில் அதிக கோல் அடித்தவர். 1977, 78இல் தொடர்ச்சியாக 44 லீக் ஆட்டங்களில் தோல்வியே கிடையாது. 1978இல் மறுபடியும் சாம்பியன். அடுத்த வருடம் தென் அமெரிக்கக் கிளப்புகள் மோதும் லிபர்தாதோரெஸ் கோப்பையில் அரையிறுதிக் கட்டம்வரை போனார்கள். அந்த அணியின் பழைய காணொளிகள் கிடைத்தால் விடாதே மாப்பிள்ளை.

மீனா அத்தை: அதற்குப் பிறகு?

செல்வம் மாமா: பிறகு நீண்ட வறட்சி. கீழ்ப் பிரிவுக்கு இறங்கியதும் உண்டு. 40 வருடம் கழித்து 2018இல்தான் அடுத்த பெரிய கோப்பை, சிலி கிளப்புகளுக்கான கோபா சிலி. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அவுதாக்ஸ் இத்தாலியானோ, 1910இல் இத்தாலியக் குடியேறிகள் தொடங்கிய கிளப். ஸ்பானியர்கள் 1897இல் தொடங்கிய யுனியோன் எஸ்பன்யோலாவும் அதே நகரம்தான். ஒரே நகரத்தில் இப்படி மூன்று கிளப், மூன்றுமே நூறு வயதைத் தாண்டிவிட்டன. பெயரில் இனம் இருந்தால் கிளப் வளராது என்று உன் நண்பர்கள் சொன்னால் இந்த மூன்றையும் காட்டு.

கவிதா: 2014இல் இவர்கள் ஜெர்சியால் பெரிய சர்ச்சை வந்ததே, அதையும் சொல்லுங்கள் மாமா. பெயர் வைத்தால் அரசியலும் கூடவே வரும் என்பதற்கு அதுவும் சாட்சி.

செல்வம் மாமா: வந்தது. முதுகில் உள்ள எண்ணில் 1 வரும் இடத்தில், 1948க்கு முந்தைய பாலஸ்தீன வரைபடத்தை நிறுத்தி வைத்தார்கள். சிலியின் யூத அமைப்புகள் எதிர்த்தன. லீக் நிர்வாகம் தடை விதித்து, சுமார் 1300 டாலர் அபராதமும் போட்டது. விளையாட்டில் எதை அனுமதிப்பது என்று நிர்வாகத்துக்கு ஒரு கவலை இருந்திருக்கும், எனக்குப் புரிகிறது. இருந்தாலும் என் மனசு அந்தக் கிளப்பின் பக்கம்தான். இஸ்ரேல் உருவாவதற்கு 28 வருடம் முன்பே அந்தப் பெயரோடு ஆடத் தொடங்கியவர்கள் அவர்கள். தடைக்குப் பிறகு அதே வரைபடத்தைக் கையில் வரைந்துகொண்டு ஆடிய வீரர்களும் உண்டு.

பிரபு: இப்போது தேடிப் பார்த்தேன். 2024இல் ஓர் ஆட்டத்துக்கு முன் வீரர்கள் குழந்தைகளின் கையைப் பிடித்து வருவதுபோல் கையை நீட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், பக்கத்தில் குழந்தைகளே இல்லை. காஸாவில் இறந்த பிள்ளைகளுக்காக. தொண்டை அடைத்துவிட்டது.

மீனா அத்தை: அந்தப் படத்தை நானும் பார்த்தேன் பிரபு. மறக்க முடியவில்லை.

கவிதா: மாமா, ஒன்று ஒப்புக்கொள்கிறேன். அங்கே உள்ள ரசிகர்களில் எத்தனையோ பேருக்குப் பாலஸ்தீன ரத்தமே கிடையாது, கிளப் ஆடும் லா சிஸ்தெர்னா பக்கத்துச் சாதாரண சிலிக்காரர்கள். அவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தானே கத்துகிறார்கள். ஆனால் பிரபு, ‘யாரும் சேரலாம்’ என்று வாயால் சொன்னால் போதாது. விதிமுறையில் எழுது. நிர்வாகக் குழுவிலும் வெளியார் இரண்டு பேராவது இருக்க வேண்டும், பயிற்சியில் சொல்வது எல்லாருக்கும் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். இதையெல்லாம் சேர்த்தால் பெயரில் தமிழ் இருக்கட்டும், நான் எதிர்க்க மாட்டேன்.

செல்வம் மாமா: கவிதா சொல்வது ரொம்பச் சரி. பயிற்சி மொழி எனக்குத் தோன்றவே இல்லை.

பிரபு: சரி அக்கா, மூன்றையும் சேர்த்து எழுதுகிறேன். வரைவை இன்றிரவு இங்கே போடுகிறேன், எல்லாரும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.