தணிக்கைப் பருவத்தில் விண்டோஸ் 11க்கு மாறிய ஆடிட்டர் அலுவலகம்

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிப்பது என் பொறுப்பு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நின்றுவிடும் என்பது முன்பே தெரிந்ததுதான். ஆனால் செப்டம்பர் 30 என்றிருந்த வரித் தணிக்கை அறிக்கைக்கான கெடு முதலில் அக்டோபர் 31க்கும் பின்னர் நவம்பர் 10க்கும் தள்ளிப்போனதால், அந்த நாள் எங்கள் வேலை நெருக்கடியின் நட்ட நடுவில் வந்து விழுந்தது. தாக்கல் முடியும்வரை டிஜிட்டல் கையொப்பமிடும் கணினிகளைத் தொடவே கூடாது என்று ஆடிட்டர் சார் சொல்லிவிட்டதால், கணக்கெழுதும் கணினிகளிலிருந்து தொடங்கினோம்.

விண்டோஸ் 11க்குக் கட்டாயமான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று சோதனைச் செயலி நிராகரித்த கணினிகளில் பெரும்பாலானவற்றில் அவ்வசதி இருக்கவே செய்தது. இன்டெல் மதர்போர்டுகளின் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) பிடிடி என்ற பெயரில் அணைந்து கிடந்தது. சில கணினிகளின் வட்டு எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்ததால், காப்புப் பிரதி எடுத்துக்கொண்டு, எம்பிஆர்2ஜிபிடி கருவியால் கோப்புகள் அழியாமல் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றி, பயாஸை யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்குக் கொண்டுவந்தோம். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில் இவற்றைத் தொடுவதற்கு முன் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான சிக்கல், டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழைத் தாங்கும் யுஎஸ்பி டோக்கனில்தான் இருந்தது. வருமான வரித் தளத்துக்கும் ஜிஎஸ்டி தளத்துக்கும் தனித்தனிக் கையொப்பச் செயலிகள் தேவைப்படுகின்றன. இரண்டும் டோக்கனின் டிரைவர் (அதைக் கணினியோடு இணைக்கும் மென்பொருள்) வழியாகவே சான்றிதழை அணுகுகின்றன. புதிதாக நிறுவிய விண்டோஸ் 11இல் கோர் ஐசொலேஷன் பகுதியிலுள்ள, பாதுகாப்பற்ற டிரைவர்களைத் தடுக்கும் மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பு பெரும்பாலும் தானாகவே இயங்கும் என்பதால், குறுந்தட்டில் வந்த பழைய டிரைவரை அது ஏற்க மறுத்தது. அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடலாம் என்று வன்பொருள் கடைக்காரர் கூறியதை நான் ஏற்கவில்லை. வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கி விவரங்களும் கிடக்கும் கணினியில் அது தகாது. சான்றிதழ் வழங்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கி நிறுவியதும் சரியாயிற்று. இடையே, டோக்கனை இனிஷியலைஸ் செய்து (உள்ளிருப்பதை அழித்துப் புதிதாக்கி) பார்க்கலாமா என்று ஒரு ஊழியர் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையொப்பத்தின் தனிச்சாவி டோக்கனுக்குள் மட்டுமே இருக்கிறது. அதை அழித்துவிட்டால் புதிய சான்றிதழ்தான் வாங்க வேண்டும்.

யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பழைய கூட்டாண்மைப் பத்திரங்கள், புதிதாக நிறுவிய கணினிகளில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. எழுத்துரு கோப்புகளை முன்னரே எடுத்து வைத்திருந்ததால் அது பெரிய தொல்லையாகவில்லை. பழைய விண்டோஸை அழிக்காமல் அப்படியே மேம்படுத்திய கணினிகளில் இந்தப் பிரச்சினை எழவே இல்லை.

ஏழாம் தலைமுறைக் கோர் ஐ5 கணினிகள் மட்டும் எஞ்சின. ஓரிரு விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல் பிராசசர்களுக்கு விண்டோஸ் 11க்கான தகுதி. விண்டோஸ் 10இலேயே தொடர்வதற்கு நிறுவனங்கள் வாங்கும் நீட்டிப்புப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் பட்டியல் விலை முதல் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். அந்தப் பணத்தைப் பழைய பெட்டிக்குக் கொட்டுவதைவிட, அவற்றில் லினக்ஸ் நிறுவி ஸ்கேன் செய்யும் வேலைக்கு ஒதுக்கலாம் என்றேன். ஆடிட்டர் சார் இன்னும் முடிவு சொல்லவில்லை.