பழைய கன்சோல் டெர்மினல்கள்: பழுதானது பெட்டியா, கேபிளா?

கம்பி வழியே வணிகக் கணினிகளோடு இணைந்திருந்த, திரையும் கீபோர்டும் மட்டுமே கொண்ட டெர்மினல்களை நெடுங்காலம் பராமரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: “டெர்மினல் போய்விட்டது” என்று வந்த புகார்களில் பெரும்பாலானவற்றில் டெர்மினல் பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஐபிஎம் ஏஎஸ்/400 என்ற வணிகக் கணினி இருந்த ஓர் அலுவலகத்தில் அதற்கான 5250 வகை டெர்மினல்கள் ட்வினாக்ஸ் என்ற இரட்டைக் கம்பி கேபிளில் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தன. ஒரு லைனில் 7 கருவிகள் வரை இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை தனி முகவரி வேண்டும். கடைசிக் கருவியில், சிக்னல் எதிரொலித்துத் திரும்பாதபடி லைனை முறையாக முடித்துவைக்க (டெர்மினேஷன்) வேண்டும். கணக்குப் பிரிவில் யாரோ மேசையை நகர்த்துவதற்காக நடுவிலிருந்த ஒரு கேபிளைக் கழற்றிவிட, அதற்கு அப்பால் இருந்த திரைகள் எல்லாம் ஒன்றாக நின்றுபோயின. புகார் தந்தவரோ தம் டெர்மினலையே மாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி அமைந்துவிட்டால் தொல்லை இன்னும் அதிகம். ஒன்றை அணைத்தால் மற்றது ஒழுங்காக வேலை செய்யும் என்பதால், குறை எதில் என்பதே பிடிபடாது.

விடி220 போன்ற, தகவலை பிட் பிட்டாக வரிசையில் அனுப்பும் சீரியல் டெர்மினல்களில் நான் முதலில் திறந்து பார்ப்பது 25 பின் கனெக்டரின் மூடியைத்தான். அனுப்ப, பெற, கிரவுண்டுக்கு என உள்ள 2, 3, 7 ஆகிய மூன்று பின்கள் சரியாக இருந்தாலே பெரும்பாலும் போதும். ஏழாவதான கிரவுண்ட் கம்பி ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தால், மேசையைத் தட்டும்போதெல்லாம் திரையில் குப்பை எழுத்துகள் வந்து விழும். திரை உறைந்துவிட்டதாகச் சொல்லப்பட்டவற்றில் சில, கைதவறி, திரைக்கு வருவதை நிறுத்திவைக்கும் கன்ட்ரோல்-எஸ் அழுத்தியதன் விளைவு. கன்ட்ரோல்-க்யூ அழுத்தியதும் உயிர்பெற்றுவிடும்.

பெட்டிக்கே வரும் கோளாறுகளும் உண்டு. கெபாசிட்டர்கள் காய்ந்துபோகும், கீபோர்டில் சில விசைகள் மரத்துப்போகும். லாகின் திரை ஆண்டுக்கணக்கில் நின்ற படக்குழாயில், அணைத்த பிறகும் அந்த எழுத்துகளைப் படிக்கலாம். ஆனாலும் வேலை நிற்காது என்பதால் அதை நான் பழுதாகவே கருதியதில்லை.

உண்மையில் என்னை அஞ்சவைத்தது வேறொன்று. சில யூனிக்ஸ் சர்வர்களில் கன்சோல் டெர்மினலை, அதாவது சர்வரையே கட்டுப்படுத்தும் டெர்மினலை, அணைத்தாலே அது சர்வரை இடைநிறுத்தும் பிரேக் சிக்னலாகப் போய்ச் சேர்ந்து, முழு சர்வரும் நின்றுவிடும். பிரேக்கைப் பொருட்படுத்தாதபடி அமைத்துக்கொள்ளும் வசதி பிந்தைய பதிப்புகளில் வந்தது. அதுவரை அந்தப் பவர் சுவிட்சின் மேல் டேப் ஒட்டியே வைத்திருந்தோம்.