மறு: பயோஅவைலபிலிட்டிக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

த.:
அன்புடையீர், கிராமச் செவிலியருக்கான இரும்புச்சத்துக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அட்டவணையில் மூன்று தலைப்புகள். உட்கொள்ளல், உறிஞ்சுதல் இரண்டும் முடிந்தன. மூன்றாவதான பயோஅவைலபிலிட்டிக்கு, அதாவது உண்டதில் உடல் எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்கு, ‘உயிர்க்கிடைப்பு’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

ந.:
‘கிடைப்பு’ வேண்டாம். செவிலியர் காதில் ‘கிடை’ என்றால் படுத்த படுக்கை. உறிஞ்சுதலையே இரண்டுக்கும் வைத்தால் என்ன?

ம.:
வைக்கக் கூடாது. குடற்சுவர் உயிரணுவுக்குள் நுழைந்த இரும்பெல்லாம் இரத்தத்துக்கு வருவதில்லை. ஒரு பகுதி ஃபெர்ரிட்டின் என்னும் சேமிப்புப் புரதத்தில் அங்கேயே தங்கி, சில நாளில் அந்த அணு உதிரும்போது மலத்தோடு போய்விடும். நாட்பட்ட அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன், அணுவிலிருந்து இரும்பு வெளியேறும் வாசலையே அடைத்துவிடும். நுழைந்தது வேறு, பயன்பட்டது வேறு. என் பரிந்துரை ‘உடலேற்பு’.

ந.:
அதில் ஆபத்து இருக்கிறது டாக்டர். 60 மி.கி. இரும்பு மாத்திரை போட்ட கர்ப்பிணிக்குக் குமட்டினால் ‘உடம்பு ஏத்துக்கல’ என்றுதான் சொல்வார்கள். ‘உடலேற்பு குறைவு’ என்று படிக்கும் செவிலியர் மாத்திரையையே நிறுத்தச் சொல்லிவிடலாம்.

ப.:
நம்மிடமே சொல் இருக்கிறது. ‘அருந்தியது அற்றது போற்றி உணின்’ என்ற குறளில் அற்றது என்றால் செரித்தது. அறு என்ற வேரிலிருந்து ‘உடலறல்’ ஆக்கலாம். ‘அறல்’ சங்கப் பாடல்களில் ஆற்றில் வரிவரியாகப் படியும் கருமணல். நீர் அற்றபின் தங்குவது அது. உணவு அற்றபின் உடலில் தங்குவது இது. கருமணலில் இரும்பும் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

த.:
ஐயா, அழகான சொல்தான். ஆனால் ‘இரும்பு உடலறல்’ என்றால் இன்றைய வாசகர் இரும்பு அற்றுப்போவதாகத்தான் கொள்வார். அறிவற்ற, பயனற்ற என்றே பழகிய காது.

ப.:
பழக்கினால் பழகும். ‘பேருந்து’ பழகவில்லையா?

ந.:
பேருந்தைத் தப்பாகப் படித்தால் சோகை வராது ஐயா. ‘சாப்பிடுறது உடம்புல ஒட்டல’, ‘உடம்புல சேரல’ என்று வீட்டில் சொல்வது இதைத்தானே? ‘ஒட்டு’ மாங்கன்றை நினைவூட்டும். ‘உடற்சேர்வு’ என்று வைக்கலாம்.

யா.:
இலங்கைப் பாடநூல்களில் ‘சேர்வை’ என்பது வேதியியற் சேர்வை, நீங்கள் சேர்மம் என்பது. உறிஞ்சுதலும் இங்கு அகத்துறிஞ்சல், கனிமம் கனியுப்பு. இங்குள்ள மாணவர் ‘உடற்சேர்வு’ என்பதை ஒரு பொருளின் பெயராகவே வாசிப்பர்.

ப.:
கனிமத்தைப் பேசும்போது ‘தாதுச்சத்து’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சித்த மருத்துவத்தில் தாது ஏழு உடற்கட்டுகளைக் குறிக்கும். தாதுபுஷ்டி லேகிய விளம்பரம் வேறு ஊரெல்லாம்.

த.:
வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:
“சோற்றோடு தேநீர் குடித்தால் இரும்பின் உடற்சேர்வு குறையும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கவும். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் கூடும். பயறை ஊறவைத்து முளைகட்டினால் இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறையும். கால்சியம் மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்க வேண்டாம்.”
‘பசலைக்கீரைக் கால்சியத்தின் உடற்சேர்வு சுமார் 5 விழுக்காடு, பாலில் ஏறத்தாழ 28, காரணம் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் கீரையின் ஆக்சலேட்’ என்பதும் தடங்கலின்றி வருகிறது. ஐவரில் மூவர் சரி என்கிறீர்கள். அச்சுக்கு அனுப்புகிறேன்.

யா.:
என் மறுப்பு நிற்கட்டும். இலங்கைப் பதிப்பு வந்தால் அச்சொல்லை மாற்ற வேண்டும்.

ம.:
நேரமில்லாததால்தான் ஒப்பினேன். அட்டவணைக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: ‘உடற்சேர்வு என்பது குடலுக்குள் போன அளவு அன்று; ஹீமோகுளோபின் முதலியவை உண்டாக உடல் எடுத்துப் பயன்படுத்திய அளவு.’ இந்த வரி விடுபட்டால் இரண்டாம் தலைப்பும் மூன்றாம் தலைப்பும் ஒன்றாகிவிடும்.