லேப்டாப் ஆன் ஆகல, அவசரம், யாராச்சும் சொல்லுங்க

வேளச்சேரிகாரன் (சனி, காலை 10:12)
வணக்கம், என் பழைய லேப்டாப் திடீர்னு ஆன் ஆகல நேத்து சாயந்தரம் வரைக்கும் நல்லாதான் ஓடிட்டு இருந்துச்சு, தங்கச்சி குரூப் 4க்குப் படிக்கிறா திங்கக்கிழமை ஆன்லைன்ல மாடல் டெஸ்ட் இருக்கு மொபைல்ல எழுதுனா கண்ணு வலிக்குதுங்கறா, புதுசு வாங்க இப்போ கைல காசு இல்ல. என்ன பண்ணலாம் சீக்கிரம் சொல்லுங்க

அஞ்சறைப்பெட்டி
என்ன மாடல்? சுத்தமா லைட்டே வரலையா, இல்ல ஃபேன் சுத்தி ஸ்க்ரீன் மட்டும் வரலையா? சார்ஜர் லைட் எரியுதா?

டேபிள்_ஃபேன்
வேளச்சேரின்னா நான் கேக்கற முதல் கேள்வி, 2023 டிசம்பர் மிக்ஜாம் தண்ணில நனைஞ்ச லேப்டாப்பா? அப்போ நனைஞ்சதெல்லாம் காய வச்சா ஓடும், ஆனா உள்ள பச்சை பூத்து ஒரு நாள் மொத்தமா படுத்துரும். என் மாமா வீட்டுல மூணு படுத்துச்சு

வேளச்சேரிகாரன்
நாங்க மூணாவது மாடி ப்ரோ, பைக்தான் முங்குச்சு

மூத்தகுடி
தம்பி, "ஆன் ஆகல"ங்கறது ஒரு கேள்வியே இல்ல. டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்திருப்பீங்களா? மாடல், ப்ராசஸர், ரேம், கடைசியா என்ன பண்ணீங்க, இந்த நாலும் இல்லாம யாரும் உதவ முடியாது. இதை நான் எத்தனை இழைல சொல்லிட்டேன்னு எனக்கே கணக்கு இல்ல. எப்படியும் இது கிராபிக்ஸ் சிப் கழண்ட கேஸ். ரீபால் பண்ணணும், அதாவது சிப்பைக் கழட்டி அடில புது ஈய உருண்டை வச்சு திரும்ப ஒட்டணும்.

அஞ்சறைப்பெட்டி
மாடல் தெரியாம உதவ முடியாதுன்னும் நீங்களே சொல்றீங்க, சிப் கழண்டுருச்சுன்னும் நீங்களே சொல்றீங்க :)

வேளச்சேரிகாரன்
சாரி சார். அடில இருந்த ஸ்டிக்கர் தேய்ஞ்சு போச்சு, 2015 பில்லு கிடைச்சுது அதுல ப்ராசஸர் ஐ3 4005யூ, ரேம் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 500 ஜிபின்னு இருக்கு. பவர் பட்டன் அமுக்குனா லைட் வருது ஃபேன் சுத்துது, 5 செகண்ட்ல அணைஞ்சு அதுவா திரும்ப ஆன் ஆகுது, இப்படியே போய்ட்டே இருக்கு. ஸ்க்ரீன் கருப்பு

அஞ்சறைப்பெட்டி
அப்போ ஆன் ஆகுது, டிஸ்ப்ளேதான் வரல. அதை முதல்லயே சொல்லக் கூடாதா. ரூம் லைட்டை அணைச்சுட்டு மொபைல் டார்ச்சை ஸ்க்ரீன் மேல சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, மங்கலா ஏதாச்சும் தெரிஞ்சா ஸ்க்ரீனுக்குப் பின்னாடி எரியற பேக்லைட் மட்டும்தான் போயிருக்கு. அப்புறம் சார்ஜர், பேட்டரி ரெண்டையும் கழட்டிட்டு பவர் பட்டனை 30 செகண்ட் அமுக்கிப் பிடிங்க.

பெங்குவின்_பித்தன்
இதுக்குத்தான் விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, 11 வேணும்னா இன்டெல்ல 8வது ஜெனரேஷனாவது இருக்கணும், உங்களோடது 4வது. லினக்ஸ் மின்ட் போடுங்க, பறக்கும்

டேபிள்_ஃபேன்
ஸ்க்ரீனே வராத மெஷின்ல எங்கய்யா மின்ட் போடறது, மேல தூவறதா

மூத்தகுடி
கிராபிக்ஸ் சிப்தான். எழுதி வச்சுக்கோங்க.

ஈயம்_பூசறவன்
சார் 4005யூல கிராபிக்ஸ் ப்ராசஸருக்குள்ளயே இருக்கு, அந்த பில்லுல தனி சிப் எதுவும் போடல, எதை எடுத்து ரீபால் பண்றது? இதுவரைக்கும் யாரும் கேக்காத ஒண்ணு கேக்கறேன், தம்பி நேத்து சாயந்தரம் அந்த லேப்டாப்பை இன்னா பண்ண?

வேளச்சேரிகாரன்
ஒண்ணும் பண்ணலண்ணே. ஸ்லோவா இருக்குன்னு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி மட்டும் மாத்துனேன். டார்ச் அடிச்சுப் பாத்தேன் ஒண்ணும் தெரியல, 30 செகண்டும் பண்ணிட்டேன்

ஈயம்_பூசறவன்
எஸ்எஸ்டி "மட்டும்"?

வேளச்சேரிகாரன்
அதோட 8 ஜிபி ரேமும் போட்டேன், செகண்ட் ஹேண்ட். ஆனா அது கரெக்டா உக்காந்துச்சே, டிடிஆர்3தான் கேட்டு வாங்குனேன்

அஞ்சறைப்பெட்டி
இதைச் சொல்ல ரெண்டு மணி நேரம்!

டேபிள்_ஃபேன்
ரேம் காலை வெள்ளை ரப்பர் போட்டுத் தேய்ங்க, ஸ்கூல் ரப்பர் போதும், பத்துல ஏழு சரியாயிடும்

மூத்தகுடி
ரப்பர் போட்டா தங்க முலாம் போயிடும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வாங்கிப் பஞ்சுல தொட்டுத் துடைக்கணும். இதெல்லாம் அடிப்படை.

டேபிள்_ஃபேன்
வருஷத்துக்கு ஒரு தடவை தேய்க்கறதுல எல்லாம் முலாம் போகாது சார், பாத்திரமா தேய்க்கறோம்

ஈயம்_பூசறவன்
ரப்பரும் வேணாம் பஞ்சும் வேணாம். ரேம் ஸ்டிக்கர்ல இன்னா எழுதிருக்கோ அப்டியே ஒரு எழுத்து விடாம டைப் பண்ணு

வேளச்சேரிகாரன்
8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800எஸ்

ஈயம்_பூசறவன்
அவ்ளோதான். பிசி3க்குப் பக்கத்துல "எல்" இல்ல பாரு. இது 1.5 வோல்ட் ரேம். 4வது ஜெனரேஷன் லேப்டாப் ப்ராசஸருக்கு 1.35 வோல்ட் ரேம்தான் வேணும், டிடிஆர்3எல், ஸ்டிக்கர்ல பிசி3எல்-12800ன்னு இருக்கும். ரெண்டுக்கும் அதே 204 காலு, வெட்டும் ஒரே இடம், அதனால டிக்குனு உக்காந்துரும், ஆனா போர்டு எடுத்துக்காது. இதே ரேமை 3வது ஜெனரேஷன்ல போட்டா ஓடும், கடைக்காரர் அப்டி ஏதோ மெஷின்ல சொருகிப் பாத்து ஓகேன்னு குடுத்திருப்பாரு. பழைய 4 ஜிபியைத் திருப்பி மாட்டு, டிஸ்ப்ளே வரும்.

வேளச்சேரிகாரன்
பழசை எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேன் 🙁

டேபிள்_ஃபேன்
சூப்பர்

ஈயம்_பூசறவன்
எங்க வாங்குன? ரிச்சி ஸ்ட்ரீட்டா? அப்போ இப்பவே கெளம்பு, நாளைக்கு ஞாயிறு, முக்காவாசி ஷட்டர் எறங்கிருக்கும். பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டைல எறங்கி நட. லேப்டாப்பையும் தூக்கினு போ, அங்கியே மாட்டி டிஸ்ப்ளே வந்தப்புறம் காசு குடு. சண்டை போடாத, "எல் போட்டது வேணும்ண்ணே"ன்னு மட்டும் கேளு.

பெங்குவின்_பித்தன்
அப்படியே மின்ட்டும் போட்டுருங்க. தங்கச்சி தமிழ்ல நோட்ஸ் அடிக்கணும்னா கீபோர்டு லேஅவுட் லிஸ்ட்லயே தமிழ்நெட் 99, அதான் தமிழ்99, இருக்கு, தனியா எதுவும் இறக்க வேணாம்

டேபிள்_ஃபேன்
இந்தக் காலத்துல யாருங்க தமிழ்99 அடிக்கறா, இங்கிலீஷ் கீ வச்சு உச்சரிப்புல அடிச்சா போச்சு

அஞ்சறைப்பெட்டி
நான் அடிக்கறேன். "அம்மா"வுக்கு நாலே தட்டு, அ, ம, ம, ஆ. ஒரே மெய்யை ரெண்டு தடவை தட்டுனா புள்ளி அதுவா விழுந்துடும். உயிரெழுத்து இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை, ஒரு வாரம் பழகுனா கை தானா ஓடும். நீங்க ஒவ்வொரு ணவுக்கும் ளவுக்கும் ஷிஃப்டைத் தேடிட்டு இருங்க

டேபிள்_ஃபேன்
அந்த ஒரு வாரம் யாருகிட்ட இருக்கு

மூத்தகுடி
1999ல சென்னைல நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி வந்த லேஅவுட் அது. அப்போ பிறந்திருக்கவே மாட்டாதவங்க எல்லாம் இங்க கருத்து சொல்றாங்க.

டேபிள்_ஃபேன்
சார் கிராபிக்ஸ் சிப் என்னாச்சு

அஞ்சறைப்பெட்டி
😂 அதை எழுதி வேற வச்சுக்கச் சொன்னாரு

மூத்தகுடி
அறிகுறி வச்சு ஒரு வாய்ப்பைச் சொன்னேன். ரேமையும் பாக்கணும்னு என் முதல் பதிவுலயே இருக்கு, வாசிக்கத் தெரிஞ்சவங்க வாசிக்கலாம்.

பெங்குவின்_பித்தன்
பாஸ் போனீங்களா? என்னாச்சுன்னு சொல்லுங்க

ஈயம்_பூசறவன்
டிரெயின்ல இருப்பான் உடு

வேளச்சேரிகாரன் (ஞாயிறு, இரவு 9:40)
எல் போட்டதும் வந்துருச்சு. 300 ரூவா சேத்து வாங்கிட்டாங்க. எல்லாருக்கும் நன்றி. ஆனா இப்போ வைஃபை ஒண்ணுமே காட்டல, ரூட்டர் பக்கத்துலயே வச்சா மட்டும் ஒரு கோடு வருது, நாளைக்குக் காலைல டெஸ்ட்

ஈயம்_பூசறவன்
எஸ்எஸ்டி மாத்தறப்ப வைஃபை கார்டு மேல இருந்த சின்ன வயர் ரெண்டு, கருப்பு ஒண்ணு வெள்ளை ஒண்ணு, அதைத் திரும்ப மாட்டுனியா?

வேளச்சேரிகாரன்
எந்த வயர்ண்ணே