எஸ்பிஎல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். யூ-பூட் என்பது சிறு கணினிப் பலகைகளில் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல். எஸ்பிஎல் (செகண்டரி புரோகிராம் லோடர்) அதற்கு முன்னால் ஓடும் அதன் சிறு பகுதி. இதற்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

> ‘இரண்டாம் நிலை ஏற்றி’ என்றே வைத்துவிடலாமே? நேரான சொல்தானே.

நேராகப் பெயர்ப்பதில்தான் சிக்கல். யூ-பூட்டில் டிபிஎல் (டெர்ஷியரி புரோகிராம் லோடர்) என்று இன்னொன்று உண்டு. அதன் விரிவு ‘மூன்றாம் நிலை’ என்கிறது. ஆனால் ஓடுவதோ எஸ்பிஎல்லுக்கு முன்னால். எண்ணை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் மூன்றாம் நிலை முடிந்து இரண்டாம் நிலை தொடங்கும் என்று எழுத வேண்டிவரும். ‘துணை ஏற்றி’யும் பொருந்தாது, துணை என்றாலே அது இல்லாமலும் சமாளிக்கலாம் என்றாகிவிடும். ‘முன்னேற்றி’ முன்னேற்றத்தை நினைவூட்டும்.

பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் பலகையில் நடப்பதைப் பாருங்கள். மின்சாரம் வந்ததும் ஏஎம்335எக்ஸ் சில்லுக்குள் பதித்த ரோம் நிரல் ஓடுகிறது. பலகையில் 512 எம்பி டிடிஆர்3 முதன்மை நினைவகம் இருந்தாலும் அதன் நேர அளவுகள் ரோமுக்குத் தெரியாது; அவை பலகைக்குப் பலகை மாறுபவை. அதனால் சில்லின் உள் நினைவகத்தில் அடங்கும் சிறு நிரலை மட்டும், அதிகபட்சம் 109 கேபி, ரோம் ஏற்றுகிறது. அதுதான் எஸ்பிஎல். அது டிடிஆரை எழுப்பி, அதாவது பயன்படுத்தத் தயாராக்கி, முழு யூ-பூட்டை அதில் ஏற்றிக் கைமாற்றுகிறது.

ஆகவே செய்யும் வேலையை வைத்துப் பெயரிடுவோம். ரோமில் இருப்பது சில்லேற்றி, எஸ்பிஎல் நினைவெழுப்பி, யூ-பூட் முழுவேற்றி.

---

> எஸ்பிஎல் நினைவெழுப்பி

வணக்கம் ஐயா. ஓசை நன்றாக இருக்கிறது, ஆனால் ஆர்கே3399 என்ற வேறொரு சில்லில் இது உடைந்துவிடும். அங்கே டிபிஎல் வைத்துக் கட்டினால், டிடிஆரை எழுப்புவது டிபிஎல்தான். எழுப்பிவிட்டு அது ரோமுக்கே திரும்புகிறது. ரோம் அடுத்து எஸ்பிஎல்லை நேரே டிடிஆருக்குள் ஏற்றுகிறது. எழுப்பாத ஒன்றை நினைவெழுப்பி என்று எப்படி அழைப்பது?

எல்லாப் பலகையிலும் மாறாதது அது நிற்கும் இடம்: சில்லுக்கும் அடுத்து வரும் பெரிய நிரலுக்கும் நடுவே. ஃபால்கன் முறையில் யூ-பூட்டைத் தாண்டி லினக்ஸ் கருவையே ஏற்றும்போதும் அது நடுவில்தான் நிற்கிறது. ‘இடையேற்றி’ என்பேன். டிபிஎல் இயன்றவரை சிறிதாகவே கட்டப்படுவது, அதற்கு ‘நுண்ணேற்றி’.

---

> இடையேற்றி, நுண்ணேற்றி

மனமார ஏற்கிறேன் ஐயா. ஆர்கே3399-ஐ நான் கணக்கில் எடுக்கவில்லை. சொல் புழக்கத்தில் தாங்குமா என்று பார்க்க, பீகிள்போன் பிளாக்குக்கான செய்முறை ஒன்றை இச்சொற்களாலேயே எழுதிப் பார்த்தேன்.

“கிராஸ்_கம்பைல் மாறியில் ஆர்ம் தொகுப்பியின் முன்னொட்டைக் கொடுத்துவிட்டு, முதலில் மேக் ஏஎம்335எக்ஸ்_ஈவிஎம்_டெஃப்கான்ஃபிக் என்ற கட்டளை, பிறகு வெறும் மேக். இடையேற்றி எம்எல்ஓ என்றும் முழுவேற்றி யூ-பூட்.ஐஎம்ஜி என்றும் வெளிவரும். எஸ்பிஎல் அடைவிலுள்ள யூ-பூட்-எஸ்பிஎல்.பின் கோப்பை எம்எல்ஓ என்று பெயர் மாற்றி வைத்தால் ஓடாது. அளவையும் ஏற்றுமுகவரியையும் சொல்லும் தலைப்பு அதில் இல்லை. சில்லேற்றி தேடுவது அந்தத் தலைப்பைத்தான்.

எஸ்டி அட்டையில் ஃபேட் கோப்பு முறைமைப் பகிர்வு இல்லாமல் நேரே எழுதினால் இடையேற்றி 128 கேபி இடத்திலும் முழுவேற்றி 384 கேபி இடத்திலும் தொடங்க வேண்டும். முதல் பகிர்வை 1 எம்பியில் தொடங்கினால் முழுவேற்றிக்கு 640 கேபிதான் மிஞ்சும். அதை மீறினால் கோப்பு முறைமையின் தலையிலேயே எழுதிவிடும். பகிர்வை 4 எம்பியில் தொடங்குங்கள்.

அட்டையிலிருந்து தொடங்க எஸ்2 பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுக்க வேண்டும். ரீசெட் பொத்தான் போதாது. தொடங்கும் வரிசையைச் சில்லு படிப்பது மின்சாரம் வரும் கணத்தில் மட்டும். அழுத்த மறந்தால் பலகையிலேயே உள்ள இஎம்எம்சி சேமிப்பகத்தில் இருக்கும் பழைய இடையேற்றி ஓடும், புதிதாகக் கட்டியதைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். முதல் வரியில் வரும் கட்டிய தேதியைப் பாருங்கள்.

சீரியல் இணைப்பின் வேகம் 115200, 3.3 வோல்ட் கேபிள்; 5 வோல்ட் கேபிள் சில்லைக் கெடுக்கும். திரையில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து மட்டும் வரிசையாக வந்தால், சில்லேற்றிக்கு இடையேற்றி கிடைக்கவில்லை, சீரியல் வழியே கேட்கிறது என்று பொருள். இடையேற்றியின் முதல் வரி வந்து அத்தோடு நின்றால் டிடிஆர் அளவுகளையும் முழுவேற்றி இருக்கும் இடத்தையும் பாருங்கள்.

இடையேற்றியில் நிரல் சேர்ப்பவர்கள் போர்டு_இனிட்_எஃப் செயற்கூறுக்குள் தொடக்க மதிப்பில்லாத உலகளாவிய மாறிகளைத் தொடக்கூடாது. அம்மாறிகள் வைக்கப்படும் பிஎஸ்எஸ் பகுதி இருப்பது டிடிஆரில். அது இன்னும் எழவில்லை.”

எந்த ஏற்றியில் நின்றது என்பதை ஒரே சொல்லில் சொல்ல முடிகிறது. எண் வைத்த பெயர்களால் இதே பத்தியை எழுதியபோது, நுண்ணேற்றி உள்ள பலகைக்கு வந்ததும் குழம்பிவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. ‘முழுவேற்றி’யைப் பேச்சில் ‘முழு ஏற்றி’ என்று பிரித்தே சொல்வோம். எழுத்தில் எதை வைப்பது? மற்ற மூன்றும் சேர்ந்தே நிற்பதால் சேர்த்தெழுதுவதே ஒழுங்கு என்று எனக்குத் தோன்றுகிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், கலைச்சொல் பட்டியலில் ஏற்றுமுன் திருத்திக்கொள்ளலாம்.