லபுக்கலை வளைவில் அப்பாயி கேட்ட குரல்

லபுக்கலைப் பேரன்:

என் அப்பாயிக்கு 77 வயது. எம்.ஜி.ஆரைப் பார்த்த கதை ஒன்று அவரிடம் உண்டு. 1965இல் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் இலங்கைக்கு வந்தபோது மலையகத்துக்கும் வந்தார்கள் அல்லவா, அப்போது நடந்தது.

லபுக்கலைக்கு மேலே, நுவரெலியா வீதியை ஒட்டிய மலையில் அப்பாயியும் அவருடைய அக்காவும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே வளைவில் லொறி ஒன்று மாட்டிக்கொள்ள, பின்னால் வந்த கார்கள் நின்றுவிட்டன. யாரோ பெயரைச் சொல்லிக் கத்தியதும் பெண்கள் கூடையோடு இறங்கி ஓடியிருக்கிறார்கள். அவர் காரிலிருந்து இறங்கி ஏதோ பேசினார். என்ன பேசினார் என்பது அப்பாயிக்கு நினைவில்லை. "கணீரென்ற குரல். எதிர் மலைக்குக்கூடக் கேட்டிருக்கும்" என்பார். வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்திருந்தாராம். மலையை விட்டு இறங்கியதற்காக அன்று எல்லோருக்கும் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், விழுந்தது.

போன தைப்பொங்கலுக்கு வந்த உறவினர் ஒருவர், "எம்.ஜி.ஆருக்கு ஏது கணீர்க் குரல்? வார்த்தையே தெளிவாக வராதே. படத்தில் பார்த்ததை நேரில் பார்த்ததாகச் சொல்கிறீர்கள்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாயி அந்தக் கதையைச் சொல்வதில்லை. கேட்டாலும் "விடு தம்பி" என்கிறார். எனக்கு அது தாங்கவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எதிர்பாராத இடத்தில் இப்படி யாரையாவது பார்த்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் அதையும் எழுதுங்கள். அப்பாயிக்கு வாசித்துக் காட்டுவேன்.

மாத்தளை வாசகர்:

தம்பி, அந்த உறவினர் ஒரு தேதியை மறந்துவிட்டார். 1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அவருடைய குரல் மாறியது அதற்குப் பிறகுதான். உங்கள் அப்பாயி பார்த்தது அதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்னால். அப்போது அவர் குரல் கணீரென்றுதான் இருந்தது. பிற்காலத்துப் படங்களைப் பார்த்துக் கதை கட்டுகிறவர் அந்த மாறிய குரலைத்தான் சொல்லியிருப்பார். கணீர்க் குரல் என்று அப்பாயி உறுதியாகச் சொல்வதே எனக்குப் போதுமான சாட்சி.

தொப்பி விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். அந்த வெள்ளைத் தொப்பியை அவர் வழக்கமாக அணியத் தொடங்கியது 1960களின் கடைசியில். பிறகு சுவரொட்டிகளிலும் நாட்காட்டிகளிலும் பார்த்துப் பார்த்து, அது அப்பாயியின் நினைவில் அந்த வளைவிலும் ஏறி உட்கார்ந்திருக்கும். அதற்காக மற்றதெல்லாம் பொய்யாகிவிடாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 ஒக்டோபர் 30. இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களில் ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். அடுத்த ஆண்டு எம்.ஜி.ஆர் வந்தபோது எந்த லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தாங்கள் எந்தப் பக்கம் என்று நிச்சயம் இல்லை. கண்டியில் பிறந்து, சிறு வயதிலேயே கடல் கடந்து போனவர் அவர். அவரைப் பார்க்கக் கூடையோடு ஓடியவர்களின் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு புரிகிறது.

கொட்டகலை அக்கா:

குரல் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசி. நான் பள்ளி மாணவி. அம்மாவும் நானும் ஹட்டனில் சாமான் வாங்கிக்கொண்டு ரயிலில் கொட்டகலைக்குத் திரும்பினோம். ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். எங்கள் பெட்டியில் விளக்கு எரியவில்லை. இருட்டும் கரிப்புகை வாடையும் சூழ, எங்கோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அப்போது ஒரு பெண்குரல் அந்தக் குழந்தையைத் தேற்றத் தொடங்கியது. இதோ வெளிச்சம் வந்துவிடும் என்பதுபோல ஏதோ இரண்டு வாக்கியம். அவ்வளவுதான்.

அம்மா என் முழங்காலை இறுகப் பிடித்தார். பெட்டியில் பேச்சு நின்றுவிட்டது. அந்தக் குரலை அடையாளம் தெரியாதவர் அங்கே யாரும் இருந்திருக்க முடியாது. இலங்கை வானொலியின் ராஜேஸ்வரி சண்முகம் அவர்கள்! அம்மா வீட்டில் சட்டை தைத்து விற்பவர். மெஷினுக்குப் பக்கத்தில் ரேடியோ. மங்கையர் நிகழ்ச்சி முடியும்வரை எங்களில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அப்பா இறந்த ஆண்டில் அம்மாவோடு பகல் முழுவதும் பேசிக்கொண்டிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நூல் புடவை, மடியில் ஒரு பிளாஸ்க். குழந்தை அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து நின்றுவிட்டார். ஏன் எழுந்தார் என்று பிறகு கேட்டேன், தெரியவில்லை என்றார். பையில் இருந்த பேரிக்காய்களில் நல்லதாக இரண்டைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். அதற்குள் கொட்டகலை வந்துவிட்டது. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று அம்மா வீடு வரும்வரை வருந்தினார்.

2012இல் அவர் மறைந்த செய்தி வந்தபோது அம்மா இல்லை. நான்தான் அம்மாவுக்கும் சேர்த்து அழுதேன்.

தம்பி, அப்பாயியிடம் சொல்லுங்கள்: குரலைப் பற்றிப் பெண்கள் சொன்னால் அது தவறாது.

கட்டுகஸ்தோட்டைக்காரன்:

என்னுடையது சிறியது. 1990 வாக்கில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடையில் வேலை செய்தேன். மதியச் சோற்றுப் பொதியோடு புனித அந்தோனியார் கல்லூரி மைதானத்து ஓரமாக நடக்கும்போது பந்து ஒன்று வேலி தாண்டி என் காலடியில் விழுந்தது. எடுத்து எறிந்தேன். பெரிய கண்கள் கொண்ட ஒரு பையன் பிடித்துக்கொண்டு தலையசைத்தான். பிறகு அவன் வீசுவதைச் சோறு ஆறும்வரை நின்று பார்த்தேன். மணிக்கட்டு சுழன்ற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சில ஆண்டுகளில் அந்தக் கண்களைப் பத்திரிகையில் பார்த்தேன். முத்தையா முரளிதரன். அவருடைய பாட்டனார் 1920இல் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர் என்று வாசித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை; என் பாட்டனும் அப்படி வந்தவர்தான். 2010 ஜூலை 22, காலியில் 800ஆவது விக்கெட் விழுந்தபோது கடையை அரை நாள் பூட்டினேன்.

லபுக்கலைப் பேரன்:

எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சுரங்கக் கதையை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். 1967 விவரத்தைக் கேட்டதும் "நான் சொன்னேனே" என்று மட்டும் சொன்னார். தொப்பியைப் பற்றித் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். வெகுநேரம் அடுப்பைப் பார்த்தபடி இருந்தவர், "அப்படியானால் கண்ணாடியும் இருந்திருக்காது. நான் கண்ணைப் பார்த்தேனே" என்றார்.

பிறகு தன் அக்காவுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார். அவர் ஒப்பந்தத்தில் இந்தியா போய் இப்போது கூடலூரில் இருக்கிறார். அன்று வளைவில் பக்கத்தில் நின்றவர் அவர்தான். இரவாகிவிட்டது, காலையில் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.