புதுப்பிப்பு: சுண்ணாம்புக் காரையும் டெல்ஃப்ட் விண்ணப்பமும்

சிங்கப்பூரில் கட்டடக்கலை மாணவன் நான்; வெளிநாட்டு மேற்படிப்புக்கு முன் கைவேலை எங்கே கற்கலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். “லிட்டில் இந்தியாவில் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கும் மேஸ்திரியிடம் போ தம்பி” என்றார் ஓர் அண்ணன். போனேன். அங்கே கற்றது இது.

பழைய செங்கல் சுவரில் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்கிறது. சுண்ணாம்புக் காரையோ ஈரத்தை வெளியே விட்டுவிடுகிறது. பூசும் கரணையைச் சாய்த்து அழுத்தாவிட்டால் காரை காலில்தான் விழும். வகுப்பில் இதை யார் சொன்னார்கள்?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2 ஆண்டு முதுகலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பட்டத்தைச் சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞர் வாரியம் ஏற்குமா என்று முதலில் பார்க்கச் சொன்ன அக்காவுக்கு நன்றி. கட்டணத்தைவிட அதுவே பெரிய கேள்வி. அம்மாவுக்கோ குளிரைப் பற்றித்தான் கவலை.